ஆக்ஸியோவுக்கு ஸ்பார்க் பிளக் வீட்டிலேயே மாற்றலாமா, கராஜுக்கே கொடுக்க வேண்டுமா?

வெள்ளவத்தை_141 எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2008 டொயோட்டா ஆக்ஸியோ கார், 1.5 எஞ்சின், ஓட்டோ கியர். வாங்கிய பிறகு ஒயில், ஏர் ஃபில்டர் எல்லாம் ஒழுங்காக மாற்றி வருகிறேன். ஆனால் பிளக் எப்போது மாற்றினார்கள், மாற்றினார்களா இல்லையா என்பதற்கு எந்த விபரமும் இல்லை. முந்தைய உரிமையாளருக்கும் தெரியவில்லை.

பிரச்சினை இதுதான். காலையில் ஸ்டார்ட் நன்றாக எடுக்கிறது. ஏசி போட்டுக்கொண்டு காலி வீதியில் சிக்னலுக்கு நிற்கும்போது ஸ்டியரிங்கில் ஒரு நடுக்கம் வருகிறது. ஏசியை நிறுத்தினால் குறைகிறது, முழுதாகப் போவதில்லை. கொஞ்சம் அழுத்தி மிதித்து முந்தப் பார்த்தால் ஒரு துள்ளல், இழுவை அறுந்து அறுந்து வருவது மாதிரி. பெற்றோலும் முன்பைவிடக் கூடவே குடிக்கிறது. போன வாரம் எஞ்சின் லைட் எரிந்தது, நண்பர் ஒருவரின் புளூடூத் ஸ்கேனரைப் போட்டுப் பார்த்ததில் பி0303 என்று காட்டியது, மூன்றாவது சிலிண்டரில் மிஸ் ஃபயர், அதாவது பெற்றோல் சரியாக எரிவதில்லை என்று அர்த்தமாம்.

ஒரு கராஜில் காட்டினேன். பொனட்டைத் திறந்து பார்த்துவிட்டு நாலு பிளக், பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் நாலு கொயில், இன்ஜெக்டர் கிளீனிங், த்ரொட்டில் கிளீனிங் எல்லாம் செய்ய வேண்டும் என்று ஒரு பட்டியல் தந்தார்கள். ஏன் நாலு கொயிலும் என்று கேட்டேன், எல்லாம் பழசுதானே என்பதுதான் பதில். ஸ்கேனர்கூடப் போட்டுப் பார்க்கவில்லை. இன்னொரு பாஸ், அதாவது மெக்கானிக், 92 ஒக்டேன் பெற்றோலை விட்டுவிட்டு 95 அடித்துப் பாருங்கள் என்றார். ஒரு முழு டாங்க் அடித்து ஓடியும் பார்த்துவிட்டேன், ஒரு மாற்றமும் இல்லை.

பிளக்கை நானே மாற்றலாமா என்று யோசிக்கிறேன். ஸ்பானர் பிடிக்கத் தெரியும், பற்றரியும் ஃபில்டரும் நானே மாற்றியிருக்கிறேன், எஞ்சினுக்குள் கை வைத்ததில்லை. ஃப்ளாட்டின் கீழே பார்க்கிங்கில்தான் செய்ய முடியும். என்ன சாமான் வேண்டும், எந்த பிளக் வாங்க வேண்டும், எதில் கவனமாக இருக்க வேண்டும்? வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க வேண்டிய நேரமும் நெருங்குகிறது, இந்த நிலையில் புகைப் பரிசோதனைக்குக் கொண்டுபோகவும் தயக்கமாக இருக்கிறது.

கிரீஸ்_கை எழுதியது:

தம்பி, தாராளமாகச் செய்யலாம். உங்கள் எஞ்சின் 1என்இசட்-எஃப்இ, பழகுவதற்கு இதைவிட நல்ல எஞ்சின் கிடைக்காது. நாலு பிளக்கும் மேலே நடுவில் வரிசையாக இருக்கின்றன, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கொயில், ஒவ்வொரு கொயிலுக்கும் ஒரு 10 மி.மீ. போல்ட். மேலே உள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால் எல்லாம் கண்ணுக்கு முன்னால்.

முதலில் ஒன்று. கராஜில் தந்த பட்டியலை மடித்து வையுங்கள். நாலு கொயிலும் ஒரே நாளில் போவது மிக அரிது. பி0303 என்று வந்தால் மூன்றாம் சிலிண்டரில்தான் கோளாறு, அது கொயிலா, பிளக்கா, வேறு ஏதாவதா என்று காசு செலவழிக்காமலே ஓரளவு கண்டுபிடிக்கலாம். மூன்றாவது கொயிலைக் கழற்றி முதலாவதில் பூட்டுங்கள், முதலாவதை மூன்றாவதில். ஸ்கேனரால் பிழைக் குறியீட்டை அழித்துவிட்டு ஓடிப் பாருங்கள். இப்போது பி0301 என்று வந்தால் கொயில்தான் குற்றவாளி, அந்த ஒன்றை மட்டும் வாங்கினால் காணும். திரும்பவும் பி0303 என்றே வந்தால் பிளக், அதிலும் இல்லையென்றால் இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று அடுத்தடுத்துப் போக வேண்டும்.

ஏசி போட்டால் ஏன் நடுங்குகிறது என்றால், எஞ்சினுக்குச் சுமை ஏற ஏற சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும், அழுத்தம் கூடினால் பொறி தாண்டுவதற்குக் கூட வோல்டேஜ் வேண்டும். பிளக்கின் முனை தேய்ந்து இடைவெளி அகன்றிருந்தால் அதற்கும் கூட வோல்டேஜ். இரண்டும் சேரும்போது பொறி சில தடவை விழாது, அல்லது வேறு குறுக்கு வழியைத் தேடும். மிதித்து முந்தும்போது துள்ளுவதும் இதே காரணம்தான். தேய்ந்த பிளக்கோடு வருடக்கணக்கில் ஓடினால் கொயிலும் கஷ்டப்பட்டுக் கஷ்டப்பட்டுக் கடைசியில் போய்விடும். ஒக்டேன் கூட்டுவதால் இதில் எதுவும் சரியாகாது, 95 என்பது நொக்கிங்குக்கு, அதாவது பெற்றோல் நேரம் தப்பி எரிந்து எஞ்சின் தட்டுவதற்கு மருந்து, மிஸ் ஃபயருக்கு இல்லை.

எஞ்சின் லைட் விடாமல் எரிந்தால் ஆறுதலாகப் பார்க்கலாம். விட்டு விட்டு மின்னினால் ஓட்டவே வேண்டாம், எரியாத பெற்றோல், புகையைச் சுத்திகரிக்கும் கெட்டலிட்டிக் கொன்வேர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்து அதையே அழித்துவிடும், அது பிளக்கைவிட எத்தனையோ மடங்கு விலை.

சாமான் அதிகம் வேண்டாம். ரட்செட், 6 அங்குல எக்ஸ்டென்ஷன், 10 மி.மீ. சொக்கெட், 16 மி.மீ. பிளக் சொக்கெட். பிளக் சொக்கெட் என்றால் உள்ளே ரப்பரோ காந்தமோ இருப்பது, சாதாரண நீள சொக்கெட் வாங்கினால் பிளக் குழிக்குள்ளேயே நின்றுவிடும். இறுக்கும் அளவைக் காட்டும் டோர்க் ரெஞ்ச் கிடைத்தால் நல்லது. ஒரு சைக்கிள் பம்ப்.

பம்ப் எதற்கு என்று கேட்பீர்கள். கொயிலைத் தூக்கியதும் குழிக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள், பிளக்கைச் சுற்றிப் புழுதியும் மணலும் இருக்கும். பிளக்கைக் கழற்றியதும் அவ்வளவும் நேரே சிலிண்டருக்குள் விழும். அதனால் பிளக்கில் கை வைக்குமுன் பம்ப் குழாயை உள்ளே விட்டு நன்றாக ஊதுங்கள், கண்ணை மூடிக்கொண்டு. ஈரம் இருந்தால் துணியால் ஒற்றி எடுங்கள். சேர்விஸ் ஸ்டேஷனில் எஞ்சினைத் தண்ணீர் அடித்துக் கழுவும் பழக்கம் நம்மிடம் இருப்பதால் குழிக்குள் தண்ணீர் தேங்கி நிற்பதும் உண்டு, கழுவிவிட்டு வந்த மறுநாள் மிஸ் அடிக்கிறது என்று வருகிறவர்கள் அனேகமாக இந்தக் கேஸ்தான்.

எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். பிளக் பூட்டுகிற எஞ்சின் ஹெட் அலுமினியம், சூட்டோடு கழற்றினால் மரை பிய்ந்து வரலாம். ஞாயிறு காலையில் வண்டியை எடுக்குமுன் செய்யுங்கள், இரவு முழுக்க ஆறியிருக்கும்.

கொயில் கனெக்டரில் வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. இத்தனை வருடச் சூட்டில் அந்தப் பிளாஸ்டிக் பிஸ்கட் மாதிரி ஆகியிருக்கும். முதலில் கனெக்டரை உள்ளே ஒருமுறை தள்ளி, பூட்டை அழுத்திக்கொண்டு வெளியே எடுங்கள். கொயிலை இடமும் வலமும் மெல்லத் திருப்பி, ரப்பர் ஒட்டுப் பிரிந்ததும் நேரே மேலே தூக்குங்கள். ஒரு சிலிண்டரை முழுசாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். கழற்றிய பிளக்குகளை எந்த சிலிண்டருடையது என்று எழுதி வரிசையாக வையுங்கள், எறிய வேண்டாம், அவற்றைப் பார்த்தால்தான் எஞ்சினின் நிலவரம் தெரியும்.

பழைய பிளக் இறுக்கமாக இருந்தால் பலத்தைக் காட்டாதீர்கள். கால் சுற்றுத் தளர்த்தி, கொஞ்சம் துருநீக்கி எண்ணெய் விட்டு, அரை மணி நேரம் பொறுத்து, திரும்ப இறுக்கித் திரும்பத் தளர்த்தி அப்படியே முன்னும் பின்னுமாக வாருங்கள்.

புதியதைப் பூட்டும்போதுதான் முழுக் கவனமும் வேண்டும். ரட்செட்டைத் தொடவே வேண்டாம். சொக்கெட்டும் எக்ஸ்டென்ஷனும் மட்டும் கையில், விரல் நுனியால் திருப்புங்கள். முதலில் எதிர்ப்பக்கம் மெல்லச் சுழற்றினால் ஓரிடத்தில் டக்கென்று சின்னதாக இறங்கும், மரை மரையோடு சேருகிற இடம் அது. அங்கிருந்து முன்பக்கம் திருப்புங்கள். நாலைந்து சுற்று விரலாலேயே போக வேண்டும். ஒரு சுற்றில் இறுகினால் மரை குறுக்கே ஏறுகிறது, உடனே வெளியே எடுங்கள். கை எட்டவில்லை என்றால் பிளக் தலையில் ஒரு துண்டு ரப்பர் குழாயை மாட்டித் திருப்பலாம், குறுக்கே ஏறினால் குழாய் வழுக்கும், மரைக்கு ஒன்றும் ஆகாது.

விரலால் அடியில் போய் உட்கார்ந்த பிறகு ரட்செட் போட்டு அரைச் சுற்று. வாஷர் நசுங்குவது கையில் தெரியும், முதலில் இழுபடும், பிறகு திண்ணென்று நிற்கும். டோர்க் ரெஞ்ச் இருந்தால், 14 மி.மீ. மரைக்கு அலுமினிய ஹெட்டில் பிளக் கொம்பனியான என்ஜிகே சொல்வது 25 முதல் 30 நியூட்டன் மீற்றர். சேர்விஸ் மனுவலில் அதைவிடக் குறைவாக இருந்தால் மனுவலில் உள்ளதையே பின்பற்றுங்கள். மரைக்குக் கிரீஸ், கொப்பர் பேஸ்ட் எதுவும் பூச வேண்டாம். முலாம் பூசித்தான் வருகிறது, மேலும் வழுக்கலாக்கினால் அளவுக்கு மேல் இறுகிப் போகும்.

தெஹிவளை_விட்ஸ் எழுதியது:

அண்ணா, கிரீஸ்_கை அண்ணா எல்லாம் சொல்லிவிட்டார், நான் வாங்குவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். என்னுடையது 1.0 விட்ஸ், மூன்று சிலிண்டர், அதில் ஏர் ஃபில்டர் பெட்டியே எஞ்சின் தலையில் உட்கார்ந்திருக்கும், அதைத் தூக்கினால்தான் கொயில் தெரியும். அதையே நான் பார்க்கிங்கில் வைத்துச் செய்கிறேன், உங்களுடையது அதைவிட லேசு.

உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தைக்குப் போவதென்றால் தேவையான நம்பரை எழுதிக்கொண்டு போங்கள். ஆக்ஸியோவுக்குப் பிளக் என்று கேட்டால் கையில் இருப்பதைத்தான் தருவார்கள். பழைய பிளக்கைக் காட்டுவதும் முழு நம்பிக்கையான வழி இல்லை, அதற்கு முன் யாரோ தப்பானதைப் பூட்டியிருக்கலாம். ஓனர்ஸ் மனுவலில் இருப்பதே சரி.

நம்பரை வாசிக்கத் தெரிந்தால் ஏமாற மாட்டீர்கள். டென்சோவில் கே16ஆர்-யூ11 என்று இருந்தால், 16 என்பது ஹீட் ரேஞ்ச், அதாவது பிளக் சூட்டை வெளியே கடத்தும் அளவு, ஆர் என்பது உள்ளே ரெசிஸ்டர் இருக்கிறது என்பது, கடைசி 11 என்பது இடைவெளி 1.1 மி.மீ. என்ஜிகேயில் பிகேஆர்5இ-11 என்றால் 5 ஹீட் ரேஞ்ச், இ என்பது மரையின் நீளம் 19 மி.மீ., 11 அதே இடைவெளி. டென்சோ 16ம் என்ஜிகே 5ம் ஒரே சூடு, டென்சோ 20ம் என்ஜிகே 6ம் ஒன்று. இந்த இரண்டு கொம்பனியிலும் எண் கூடினால் பிளக் குளிர்ச்சியானது. பொஷ்ஷில் தலைகீழ், அதனால் எண்ணை மட்டும் வைத்து ஒப்பிடாதீர்கள். மரை நீளம் பிழைத்தால் மிக மோசம், நீளம் கூடியது பிஸ்டனிலேயே இடிக்கலாம்.

போலிகள் நிறைய ஓடுகின்றன. நான் கடையிலேயே பெட்டியைத் திறந்து பார்த்துத்தான் வாங்குவேன், பார்க்க விடாத கடையில் வாங்க மாட்டேன். வளைந்த எலெக்ட்ரோட் நடு முனைக்கு நேர் மேலே இருக்கிறதா, ஒரு பக்கம் சரிந்திருக்கிறதா என்று பாருங்கள். மரையை நகத்தால் தடவினால் சொரசொரப்பாக இருக்கக் கூடாது. வாஷர் தானாகக் கழன்று விழக் கூடாது. இரிடியம் என்று விற்றால் நடு முனையைப் பாருங்கள், டென்சோ இரிடியம் பவரில் அது 0.4 மி.மீ.தான், என்ஜிகே இரிடியம் ஐஎக்ஸில் 0.6, ஊசி மாதிரி இருக்கும். தடித்த முனையோடு இரிடியம் விலை கேட்டால் வைத்துவிட்டு வாருங்கள்.

இரிடியமா சாதாரணமா என்றால், வண்டியை வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் நீண்ட ஆயுள் இரிடியமே போடுங்கள், அந்த வகை ஒரு லட்சம் கி.மீ. வரை வரும். சாதாரண நிக்கல் 20,000 கி.மீ. தாண்டினால் கழற்றிப் பார்க்க வேண்டும். ஆனால் சந்தேகமான இரிடியத்தைவிட நம்பிக்கையான நிக்கல் எவ்வளவோ மேல். இரிடியத்தின் இடைவெளியை நீங்கள் சரிசெய்யப் போகாதீர்கள், அந்த முனை தட்டுப்பட்டாலே உடையும். கை தவறிக் கீழே விழுந்த பிளக்கையும் பூட்ட வேண்டாம், உள்ளே பீங்கான் வெடித்திருந்தால் வெளியே தெரியாது.

கொட்டாஞ்சேனை_ஃபிட் எழுதியது:

எல்லோரும் லேசு லேசு என்று சொல்கிறீர்கள், ஒரு மாற்றுக் கருத்தும் இருக்கட்டும். பிளக் எப்போது மாற்றினார்கள் என்றே தெரியாத வண்டி இது. பல வருடம் அசையாமல் இருந்த பிளக், அலுமினிய மரையோடு பிடித்துப்போயிருந்தால், கழற்றும்போது மரையோடு வந்துவிடும். அப்புறம் ஹெலிகொயில், அதாவது புதிய மரைச் சுருள் போட வேண்டும், நல்ல லேத் பாஸ் கிடைக்க வேண்டும், வண்டியை இழுத்துக்கொண்டு போக வேண்டும். அந்த நிலைமை ஒரு நல்ல கராஜில் வந்தால் அவர்கள் பொறுப்பு, பார்க்கிங்கில் வந்தால் நம் பொறுப்பு.

என்னுடையது பழைய ஃபிட் ஜிடி1, ஒரு சிலிண்டருக்கு இரண்டு என்று எட்டு பிளக். முன்வரிசை நாலும் கைக்கு வரும், பின்வரிசை நாலுக்கும் கண்ணே போகாது, தடவித் தடவித்தான் பூட்ட வேண்டும். இதை வாசிக்கிற ஃபிட்காரர்கள் ஆக்ஸியோக்காரரைப் பார்த்து ரட்செட்டைத் தூக்கிவிடக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன். நான் நம்பிக்கையான பாஸிடம் கொண்டுபோய், பக்கத்தில் நின்று, என் கையால் வாங்கிய பிளக்கைக் கொடுத்துப் பூட்டுவிக்கிறேன். அதிலும் ஒரு குறையும் இல்லை.

கிரீஸ்_கை எழுதியது:

ஃபிட் தம்பி சொல்வது நியாயமானதுதான். வெள்ளவத்தைத் தம்பி, எண்ணெய் விட்டும், முன்னும் பின்னும் அசைத்தும் ஒரு பிளக் வரவில்லை என்றால், அல்லது சுற்றச் சுற்ற இறுகிக்கொண்டே வருகிறது என்றால், அங்கேயே நிறுத்துங்கள். அதைத் திரும்ப இறுக்கிவிட்டு, கொயிலைப் பூட்டி, ஓட்டிக்கொண்டு கராஜுக்குப் போகலாம். நிறுத்தத் தெரிந்தால் பார்க்கிங்கில் செய்வதில் ஆபத்துக் குறைவு.

வெள்ளவத்தை_141 எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. கொயிலை இடம் மாற்றிப் பார்த்தேன், ஏர்போர்ட் பக்கம் போய்வந்ததில் இப்போது பி0301 வருகிறது. அதனால் கொயில்தான் என்று நினைத்தேன். ஆனாலும் பிளக்குகள் எப்படி இருக்கின்றன என்று பார்க்க இன்று காலையில் கழற்றினேன், நாலும் பிரச்சினையில்லாமல் வந்தன. இப்போது ஒரு குழப்பம், பூட்டுமுன் கேட்கிறேன்.

மூன்றாவது குழிக்குள் ஒயில் நிற்கிறது. பிளக்கின் ஆறுமூலைப் பகுதி ஒயிலில் ஊறிப்போயிருந்தது. கிரீஸ்_கை அண்ணா சொன்னபடி பிளக்கைத் தொடுமுன் ஈர்க்குக்குத் துணி சுற்றி ஒற்றி எடுத்துவிட்டேன், கொஞ்சம்தான் மிச்சம். மற்ற மூன்று குழியும் காய்ந்துதான் இருக்கின்றன, புழுதி மட்டும்.

பிளக்குகளின் முனை நாலும் ஒரே மாதிரி, வெளிர் பழுப்பு, மேலே கொஞ்சம் சாம்பல் பூத்த மாதிரி. மூன்றாவதும் அப்படித்தான், முனையில் ஒயில் இல்லை. ஆனால் வெள்ளைப் பீங்கானில் இரண்டு விதமான அடையாளம் இருக்கிறது. நாலு பிளக்கிலும் பீங்கான் இரும்போடு சேருகிற இடத்தில் ஒரு பழுப்பு வளையம், துடைத்தாலும் போகவில்லை. மூன்றாவதில் மட்டும் மேலிருந்து கீழாக, தலையிலிருந்து இரும்பு வரை, பென்சிலால் கோடு போட்ட மாதிரி மெல்லிய கறுப்புக் கோடு. இதெல்லாம் என்ன? ஒயில் என்றால் எஞ்சின் போய்விட்டதா?

கிரீஸ்_கை எழுதியது:

தம்பி, எஞ்சினுக்கு ஒன்றும் இல்லை, பயப்படாதீர்கள். நல்லவேளை பிளக்குகளை எறியாமல் பார்த்தீர்கள்.

பழுப்பு வளையம் நாலிலும் ஒரே மாதிரி இருக்கிறதல்லவா, அது சாதாரணம். உயர் வோல்டேஜால் பீங்கானைச் சுற்றி உண்டாகும் மின்புலத்தில் ஒயில் துளிகளும் புழுதியும் ஒட்டிக் கறையாகும். பிளக் லீக் அடிக்கிறது என்று அதைக் காட்டிச் சிலர் பயமுறுத்துவார்கள், அது லீக் இல்லை.

கறுப்புக் கோடுதான் உங்கள் மிஸ் ஃபயர். பொறி கீழே முனையில் விழாமல், பீங்கானின் வெளிப்பக்கத்தால் இறங்கி இரும்புக்குப் பாய்ந்திருக்கிறது. பாய்ந்த வழியில் கரி படிந்துவிட்டது, கரியில் மின் ஓடும், அதனால் அடுத்த முறையும் அதே வழிதான் அதற்கு லேசு. இப்போது ஆரம்பத்தில் மூன்றாவதில் இருந்த கொயிலின் அடியில் பிளக்கை மூடும் ரப்பரைப் பிரித்து உள்ளே டோர்ச் அடித்துப் பாருங்கள், அதே நீளத்தில் உள்சுவரிலும் ஒரு கோடு இருக்கும். ஒயிலில் ஊறி ரப்பர் உப்பி நெகிழ்ந்தும் இருக்கும். அதனால்தான் கொயிலை முதலாம் சிலிண்டருக்கு மாற்றியதும் கோளாறும் கூடவே போனது, ரப்பர் கொயிலோடு சேர்ந்து போகிறதே. ஆக கொயிலே போய்விட்டது என்று இப்போது முடிவு கட்ட வேண்டாம்.

புதிய பிளக்கைப் போட்டுவிட்டுப் பழைய ரப்பரையே மாட்டினால் கொஞ்ச நாளில் புதிய பிளக்கிலும் கோடு விழும். இதைத்தான் நிறையப் பேர் தவறவிடுகிறார்கள், பிளக் மாற்றியும் சரிவரவில்லை என்று அப்புறம் இன்ஜெக்டரைக் கழற்றுவார்கள். ரப்பரை மட்டும் தனியாக விற்கிற கடைகள் உண்டு, கிடைத்தால் மூன்றாவதற்கு மட்டுமல்ல, நாலுக்கும் வாங்கிவிடுங்கள். புதிய ரப்பரோடும் மிஸ் அடித்தால் அந்த ஒரு கொயிலை வாங்கலாம். பூட்டுமுன் ரப்பரின் வாய்ப்பக்கம் உள்ளே மின் கடத்தாத டைஎலெக்ட்ரிக் கிரீஸ் கொஞ்சமாகப் பூசினால் அடுத்த முறை ஒட்டாமல் வரும்.

ஒயில் மேலிருந்து வருகிறது. எஞ்சினின் மேல்பக்கத்தை மூடும் டாப்பட் கவரில் ஒவ்வொரு பிளக் குழியைச் சுற்றியும் ஒரு ரப்பர் சீல் இருக்கிறது, அது சூட்டில் காய்ந்து இறுகிவிட்டால் ஒயில் குழிக்குள் வடியும். முனை காய்ந்து பழுப்பாக இருப்பதால் சிலிண்டருக்குள் ஒயில் ஏறவில்லை, ரிங்குகளும் வால்வ் சீல்களும் நன்றாக இருக்கின்றன. முனை கறுத்து ஈரமாகப் பளபளத்திருந்தால்தான் கவலைப்பட வேண்டும். டாப்பட் கவர் பக்கிங்கும் பிளக் குழி சீல்களும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். அந்த வேலையை வேண்டுமானால் பாஸிடம் கொடுங்கள், சீலண்ட் எங்கே பூச வேண்டும், போல்ட்டுகளை எந்த ஒழுங்கில் இறுக்க வேண்டும் என்றெல்லாம் இருக்கிறது. அதுவரை கிழமைக்கு ஒருக்கால் கொயிலைத் தூக்கி ஒயிலை ஒற்றி எடுத்தால் போதும்.

வெள்ளவத்தை_141 எழுதியது:

அப்படியே இருந்தது. ரப்பருக்குள் அந்தக் கோடு தெளிவாகத் தெரிகிறது, அடிப்பகுதி தொட்டாலே பிசுபிசுக்கிறது. பிளக் நாலும், ரப்பர் நாலும், பக்கிங் செட்டும் பஞ்சிகாவத்தையில் எடுத்துவிட்டேன். தெஹிவளைத் தங்கச்சி சொன்னபடி திறந்து பார்த்தபோது முதல் கடையில் தந்ததில் எலெக்ட்ரோட் சரிந்திருந்தது, திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு கடையில் வாங்கினேன்.

பூட்டி, ஸ்கேனரால் பிழைக் குறியீட்டை அழித்து, ஏசியோடு காலி வீதியில் பின்னேர நெரிசலில் நன்றாக ஓடிப் பார்த்துவிட்டேன். நடுக்கம் சுத்தமாக இல்லை, மிதித்தால் ஒரே சீராக இழுக்கிறது, லைட் வரவில்லை. டாப்பட் கவர் வேலையை அடுத்த வாரம் ஒரு பாஸிடம் கொடுக்கிறேன். அதை முடித்துவிட்டுத்தான் புகைப் பரிசோதனைக்குப் போவேன்.

மருதானை_அக்வா எழுதியது:

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். ஹைபிரிட் அக்வாவுக்கும் இதே முறைதானா? எஞ்சின் குடும்பமும் இதுதான் என்கிறார்களே.

கிரீஸ்_கை எழுதியது:

பிளக்கைப் பூட்டுகிற முறை ஒன்றுதான், பாதுகாப்பு வேறு. ஹைபிரிட்டில் ரெடி லைட் எரிந்தால் எஞ்சின் சத்தமில்லாமல் நின்றிருக்கும், நினைத்த நேரத்தில் தானாகச் சுற்றத் தொடங்கும், உங்கள் கை உள்ளே இருந்தாலும். அதனால் வண்டியை முழுக்க ஓஃப் செய்து, ஸ்மார்ட் திறப்பை வண்டிக்குப் பக்கத்திலேயே வைக்காமல் வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு, பின்பக்கம் இருக்கும் 12 வோல்ட் பற்றரியின் நெகட்டிவைக் கழற்றிய பிறகுதான் பொனட்டுக்குள் கை. செம்மஞ்சள் நிற வயர் எதையும் தொடவோ நகர்த்தவோ வேண்டாம், அது உயர் வோல்டேஜ். இடமும் மாடலுக்கு மாடல் மாறும், பிரியஸ் 30இல் வைப்பரையும் அதன் கீழ்த் தட்டையும் கழற்றினால்தான் பிளக்குக்கு வழி கிடைக்கும். உங்கள் அக்வாவின் பொனட்டைத் திறந்து கொயில் நாலும் கைக்கு எட்டுகிறதா என்று பார்த்து ஒரு படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.